மூச்சில் புகை வராத பெண்

வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்களுக்கென்று சில வேலைகள் உண்டு. உங்களுக்கும் இருந்திருக்கும். பஸ் போர்டைப் படித்துச் சொல்வது, ரேஷன் கார்டில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது, மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும் என்று சொல்வது. அந்த அட்டையில் சாப்பாட்டைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது. ஆனாலும் சொல்லுவோம். தெரியவில்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் என்னத்தைப் படித்தாய் என்று கேட்பார்கள்.

அப்படித் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லப் போய் ஒரு மே மாதத்தில் நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பாடம் நடத்தும்போது ஏதாவது ஒரு பிள்ளை தெரியாமல் விழித்தால், தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, ஒண்ணும் குறைஞ்சிட மாட்டே என்கிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு முகம் சுடும்.

செஞ்சியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் குன்றுகள் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுக்கும். அந்த வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்திருந்தது. எங்கள் நைனா, நெல்லும் கடலையும் ஏலம் போகிற மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கப் போவாள். அம்மாவின் கட்டைவிரல் நகம் எப்போதும் பாதிதான் இருக்கும். அந்த வீட்டில் நான் பாஸ். இங்கிலீஷில் வகுப்பிலேயே இரண்டாவது மார்க். தெருவில் நடக்கும்போது என் கழுத்து அரை அங்குலம் நீண்டிருந்தது என்று பிறகு அம்மா சொல்லியிருக்கிறாள்.

பதினோராவதுக்கு ஃபாரம் வாங்கி வந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். அதில் நைனா கைநாட்டு வைக்கவேண்டும். நைனா வைக்கவில்லை. பெரியப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பெரியப்பா நைனாவுக்கு அண்ணன், அவரும் கமிட்டியில்தான் வேலை, எடை போடுகிறவர். தராசு அவர் கையில் இருந்ததாலோ என்னவோ, எங்கள் குடும்பத்தில் எது கனம் எது லேசு என்று அவர்தான் சொல்லுவார். பத்து வரைக்கும் படிச்சிடுச்சி, லெட்டர் எழுதத் தெரியும், போதாதா என்பது அவர் கட்சி. நைனா எதிர்த்துப் பேச மாட்டார். ஃபாரம் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் தினமும் காலையில் சாமி கும்பிடுகிற சாக்கில் அது அங்கேயே இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

இனி இஸ்திரிக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கோட்டைக்குப் போகிற ரோடு பிரிகிற இடத்தில் ஒரு புங்கமரம். அதன் கீழே அவருடைய வண்டி. அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஊரில் அவரை ஊமை என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இஸ்திரிக்காரர் என்று மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தது எல்லாம் முடிந்த பிறகுதான். நடுவயது, நல்ல உயரம். கரிப்பெட்டியின் மூடியைத் திறந்து அவர் ஊதினால் சாம்பல் ஒரு பக்கமாகப் பறக்கும், துணியில் ஒரு பொட்டு விழாது.

அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படம் பார்ப்பார். சனிக்கிழமை வண்டிக்குப் பக்கத்தில் கூட்டம் கூடும், ஏனென்றால் முதல்நாள் பார்த்த படத்தை அவர் கையால் சொல்லுவார். கதாநாயகன் மீசை முறுக்குவது, கதாநாயகி இடுப்புக் குடம், வில்லன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது, எல்லாம் வரும். கோட்டையில் ஷூட்டிங் நடந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார். குதிரையாக அவரே ஓடுவார், அதன்மேல் உட்கார்ந்திருக்கிறவராகவும் அவரே இருப்பார். நடுவில் சுவாரசியமான இடத்தில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டுப் பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பார். கூட்டம் கையை மல்லாத்தித் திருப்பிக் காட்டும். அப்புறம் என்று அர்த்தம். அவர் காலரைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் மேலே சொல்லுவார். நல்ல படமா இல்லையா என்று ஊமையைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் தியேட்டருக்குப் போவார்கள்.

திங்கட்கிழமை காலையில் என் யூனிபாரத்தை எடுத்துக்கொண்டு போவேன். எத்தனை துணி காத்திருந்தாலும் என்னுடையதை முதலில் எடுப்பார். புத்தகத்தை விரித்துப் படிப்பதுபோல் காட்டி, கட்டைவிரலை மேலே தூக்குவார். படிக்கிற பிள்ளை, காத்திருக்கக் கூடாது.

பாத்திரக்கடை முதலாளியின் மகள் என்னோடு பத்தாவது படித்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். பஜாரிலேயே பெரிய விசேஷம். அம்மா முதல்நாளே அங்கே சமையல்கட்டு வேலைக்குப் போய்விட்டாள். திண்டிவனத்திலிருந்து கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்தன. டெக்கோடு மூன்று கேசட். அப்போதெல்லாம் விசேஷ வீட்டில் டெக் வந்தால், ஒரு நாள் வாடகை முடிகிறவரை அது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். சும்மா வைத்திருந்தால் வீண். தூங்குகிறவர்கள் தூங்க, சாப்பிடுகிறவர்கள் சாப்பிட, படம் மட்டும் நிற்காது.

காலையில் ஒரு சாமி படம், அதற்குப் பிறகு ஒரு சண்டைப் படம் போனது. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். ஐம்பது பேர் இருக்கும். ஜன்னல்களில் போர்வையைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். பன்னீரும் வியர்வையும் வாழையிலையும் கலந்த ஒரு வாசனை. டெக்கோடு வந்த ஆள் மூன்றாவது கேசட்டைப் போட்டுவிட்டு, சிங்கவரத்தில் யாரோ சொந்தக்காரர் இருக்கிறார் என்று முதலாளியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கேசட்டின்மேல் தமிழ்ப்படம் பெயர்தான் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது வேறு. முதலில் இருட்டு. பிறகு மழை. மழைக்குள்ளே உயரமான கட்டடங்கள், அதன் நடுவே ரயில் மாதிரி ஏதோ ஒன்று அந்தரத்தில் போனது. தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரன் கோட்டு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்து வந்தான். ஜன்னல் பலகையின் நிழல் அவன் முகத்தில் கோடு கோடாக விழுந்திருந்தது. எல்லாமே கறுப்பு வெள்ளை.

கலர் டிவி என்று சொல்லித்தானே வாடகை பேசினோம் என்று முதலாளி எழுந்துபோய் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். அதற்குள் தொப்பிக்காரன் பேச ஆரம்பித்துவிட்டான். இங்கிலீஷ் படம் என்று தெரிந்ததும் கூடத்தில் ஒரு சலசலப்பு. எங்கள் ஊரில் அப்போது இங்கிலீஷ் படம் என்றால் காலைக் காட்சியில் ஓடுகிற, போஸ்டரை மாடுகூடத் தின்னக் கூடாத படம். பெண்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். நிறுத்தச் சொன்னார்கள். டெக்கை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் சிங்கவரத்தில் இருந்தார்.

அப்போதுதான் பெரியப்பா வாயைத் திறந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்க தம்பி பொண்ணு இங்கிலீஷ்ல பெரிய மார்க்காம். மேல படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. அவன் இன்னா சொல்றான்னு சொல்லட்டும். கேப்போம்."

நைனா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார். பெருமையும் பயமும் சரிபாதியாக இருந்த முகம். ஃபாரம் சாமி படத்துக்குப் பின்னால் இல்லை, இந்தக் கூடத்துக்கு நடுவில் கிடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். அதுவரை இங்கிலீஷை ஒரு வெள்ளைக்காரன் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் டீச்சர் இங்கிலீஷைத் தமிழில் நடத்துவார். தொப்பிக்காரன் பேசியதில் எஸ், நோ, ஓக்கே மூன்றும் விளங்கின. மற்றதெல்லாம் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற சத்தம்.

ஆனால் நான் கதை சொன்னேன். தயங்காமல் சொன்னேன். தொப்பி வைத்தவர் பெரிய எஸ்டேட்காரர் மகன். சின்ன வயசில் வெள்ளத்தில் தங்கச்சியைத் தொலைத்துவிட்டார். அவளைத் தேடித்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறார். விளக்கும் பொத்தானுமாக ஒரு பெரிய இடம் வந்தது. அது கலெக்டர் ஆபீஸ், மனு கொடுக்க வந்திருக்கிறார் என்றேன். யாரோ ஒரு பெண், "அங்கயும் அலையவுடுறானுங்களா" என்று வருத்தப்பட்டாள். வெள்ளைக் கையுறை போட்ட ஓர் அழகான பெண் வந்ததும், இவதான் தங்கச்சி, ரெண்டு பேருக்கும் அது இன்னும் தெரியாது என்றேன். கூடம் உச்சுக்கொட்டியது. பெரியப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நைனா முதுகு சுவரிலிருந்து விலகி நிமிர்ந்துவிட்டது. எனக்குப் போதை மாதிரி ஏற ஆரம்பித்தது. பொய் சொல்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

இஸ்திரிக்காரர் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். விசேஷத்துக்குப் பட்டும் வேட்டியும் தேய்த்துக் கொடுத்தவர், முதலாளியே அவரைச் சாப்பிட்டுவிட்டுப் படம் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் சொல்வது அவருக்குக் கேட்காது. அவர் பாட்டுக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் நிஜமாகவே படம் பார்த்தது அவர் ஒருவர்தான். திடீரென்று அவர் முழங்காலில் எழுந்து திரும்பி உட்கார்ந்து, கூட்டத்துக்குக் கை காட்டினார்.

அந்த ஊர் குளிர் ஊர். தொப்பிக்காரன் வாயில் எப்போதும் சிகரெட், மற்றவர்கள் பேசினாலே வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மார்கழிக் காலையில் நாம் பீடி குடிப்பதுபோல் விளையாடுவோமே, அந்தப் புகை. அதை அவர் காட்டினார். தன் வாயிலிருந்து விரல்களை மெல்ல மேலே எழுப்பினார். தொப்பிக்காரனோடு பேசுகிற தாத்தாவைச் சுட்டினார், புகை உண்டு. தெருவில் போகிறவர்கள், உண்டு. பிறகு கையுறைப் பெண்ணைச் சுட்டினார். ஊதிக் காட்டினார். விரல்கள் எழவில்லை. கையை விரித்தார். இல்லை. அவள் பேசுகிறாள், சிரிக்கிறாள், ஆனால் மூச்சில் புகை இல்லை. தன் மார்பைத் தட்டி, இஸ்திரிப்பெட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதுபோல் காட்டி, உள்ளே நெருப்பு கிடையாது என்றார்.

"ஆமாங்கறேன். அவளுக்குப் பொகை வரல பாரு," என்றார் தையல்கார பாயின் சம்சாரம். எங்கள் பக்கத்து வீடு, நான் அக்கா என்று கூப்பிடுவேன். "பொம்மைன்றானா? செஞ்சு வச்ச பொம்மையா அவ?"

நான் அப்படி எதுவும் வசனத்தில் இல்லை என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்துமா என்றேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அடுத்த நிமிஷம் தொப்பிக்காரன் அந்தப் பெண்ணைக் கிட்டே இழுத்து, குனிந்து, அவள் வாயில் முத்தம் கொடுத்தான். சாவகாசமாகக் கொடுத்தான்.

முதலாளியின் அம்மா எழுந்து ஓடிவந்து தோளில் கிடந்த துண்டை டிவியின்மேல் போட்டார். துண்டு சின்னது. தொப்பி மட்டும்தான் மறைந்தது.

"தங்கச்சின்னியே?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

சிரிப்பு வெடித்தது. இஸ்திரிக்காரரும் சிரித்தார். அவருக்கு நான் சொன்ன தங்கச்சிக் கதை தெரியாது. கிழவி துண்டோடு ஓடியதைப் பார்த்துத்தான் அவர் சிரித்தார் என்று எனக்கு இப்போது தெரியும். அன்று அவர் என் முகத்துக்கு நேரே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது மட்டும்தான் தெரிந்தது. தராசு முள் நின்றதும் மூட்டையைத் தள்ளச் சொல்கிற ஒரு தலையசைப்பு பெரியப்பாவுக்கு உண்டு. அதை அவர் நைனா பக்கம் திரும்பிக் காட்டினார். நைனாவின் முதுகு மறுபடி சுவருக்குப் போயிருந்தது.

நான் பெரியப்பாவிடம் போய்க் குனிந்தேன். அழுகை தானாகவே வந்தது, அதற்கு நான் நடிக்கவேண்டியிருக்கவில்லை.

"பெரியப்பா, அந்த ஊமை என்னப் பாத்து அசிங்கமா சைகை காட்றாரு. அதான் எனக்கு ஒழுங்கா சொல்ல வரல."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். யாரும் எப்போது என்று கேட்கவில்லை. இங்கிலீஷ் படம், முத்தம், இருட்டு, சிரிக்கிற ஓர் ஆம்பிளை. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. அக்கா மட்டும் என் கையைப் பிடித்து இழுத்து முகத்தைப் பார்த்தார்.

"நெசமா பாத்தியா? அவன் அப்படி ஆளு இல்லியே."

"பாத்தேங்க்கா," என்றேன்.

இரண்டு முறை சொன்னேன் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். முதல்முறை வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறைக்கு ஒன்றும் இல்லை.

பெரியப்பா எழுந்து இஸ்திரிக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்தார். அந்தச் சட்டையை அவரே மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் முதலில் இது விளையாட்டு என்று நினைத்து, சிரிப்பு மாறாமலே எழுந்தார். வாசல்வரை போன பிறகுதான் சிரிப்பு நின்றது. இரண்டு கையையும் மல்லாத்தி, என்ன, என்ன என்று எல்லோரையும் கேட்டார். ஒருவரும் அவருக்குக் காரணத்தைக் காட்டவில்லை. காட்டக்கூடிய விஷயம் இல்லை என்று நினைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள்.

படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் போர்வையின் ஓரம் வெளியிலிருந்து விலகியது. நாலு விரல். ஒரு கீற்று வெயில் உள்ளே வந்து திரையின் குறுக்கே விழுந்தது. யாரோ போர்வையை இழுத்துவிட்டார்கள். மறுபடி விலகியது. அவர் மிச்சப் படத்தை அங்கிருந்து பார்த்தார். அவரைத் துரத்த யாருக்கும் அந்த வெயிலில் வெளியே போக மனம் வரவில்லை. நான் கடைசிவரை நின்று கதை சொல்லி முடித்தேன். தங்கச்சி இல்லை, முறைப்பெண் என்று மாற்றிவிட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் என்மேல் இரக்கம்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அத்தனை பேர் நடுவில் நின்று வெள்ளைக்காரன் பேசியதைச் சொல்லிவிட்டதே, அதுவும் அப்படி ஒருத்தன் எதிரே உட்கார்ந்து வம்பு பண்ணும்போது, படிக்கட்டும் என்றார். நைனா ஃபாரத்தை எடுத்து வரச் சொன்னார். மை டப்பி இல்லை. என் பேனாவைத் திறந்து அவருடைய கட்டைவிரலில் நானே நீல மையைத் தடவினேன். மூட்டைச் சாக்கு உரசி உரசி ரேகையே தேய்ந்துபோன விரல். ஃபாரத்தில் வெறும் நீல வட்டமாகத்தான் விழுந்தது.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கூடத்துக்கே வரவில்லை, அண்டா கழுவிக்கொண்டிருந்தவள். "அந்த ஆள நல்லவன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு, "படிச்ச பொண்ணு பொய்யா சொல்லும்," என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஃபாரம் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புங்கமரத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகலாம் என்று பார்த்தால் அவர் எதிரிலேயே வந்தார். கையில் துணி மூட்டை. என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வேகமாகக் கிட்டே வந்தார். அவர் தலைமேல் கையால் ஒரு தொப்பி வைத்தார். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்து, அதில் ஊதினார். அந்த உள்ளங்கையைத் திருப்பி என்னிடம் காட்டினார். விரலால் அதைத் துடைத்து, ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். மறுபடி தொப்பி. மறுபடி ஊதினார். கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார், புரிகிறதா என்பதுபோல்.

நான் ஓடினேன். ஃபாரம் வைத்த பை முதுகில் அடிக்க அடிக்க பஜார் நடுவில் ஓடினேன். கடைகளிலிருந்து பார்த்தார்கள். அவனைப் பார்த்துத்தான் ஓடுகிறாள் என்று பார்த்தார்கள். முதல்நாள் நம்பாதவர்கள் அன்றைக்கு நம்பினார்கள்.

அதன் பிறகு அவர் துணிக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தினார்கள். பிறகு துணியே கொடுக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் கூடவில்லை. அவர் கொஞ்ச நாள் வண்டியில் தன் வேட்டியையே மடித்துப் பிரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது ஆரம்பித்த அன்று என் தாவணியை நான் பித்தளைச் சொம்பில் தணல் போட்டு வீட்டிலேயே தேய்த்தேன். ஓரத்தில் தீய்ந்து காசளவு பழுப்புக் கறை விழுந்தது. அதைக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷமும் போனேன். ஆடி முடிவதற்குள் மரத்தடி காலியாகிவிட்டது. எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது டெக் காலம் போய்விட்டது. அந்தக் கேசட்டுகளின் கறுப்பு நாடாவை வயலில் குருவி விரட்டக் கட்டியிருப்பதைப் பார்க்கிறோம். வீட்டுக்கு வீடு கேபிள். போன பொங்கல் விடுமுறையில் விழுப்புரத்தில் என் அறையில் தனியாக உட்கார்ந்து சேனலைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மழை வந்தது. அந்தரத்தில் ரயில் போனது. தொப்பிக்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான்.

இந்த முறை எனக்கு எல்லா வசனமும் விளங்கியது. அது இனி வரப்போகிற ஒரு காலத்தின் ஊர். மனிதர்களைப்போலவே ஆட்களைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். அதில் தப்பி ஓடியவர்களைத் தேடிப் பிடிப்பது தொப்பிக்காரனின் வேலை. அது கலெக்டர் ஆபீஸ் இல்லை, அந்த ஆட்களைச் செய்கிற இடம். கையுறைப் பெண் செய்யப்பட்டவள். அவளுக்கே அது தெரியாது. அவன் அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், அவள் பேசும்போது மூச்சில் புகை வரவில்லை. வசனம் எதுவும் இல்லாமல், விளக்குக் கம்பத்தின் கீழே, அவன் பார்க்கிறான். அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்று நான் அதைப் பார்க்கவில்லை, கூட்டத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பிக்காரன் ஸ்டேஷனில் தனியாக நிற்கிறான். ரயில் பெட்டியின் ஜன்னல் கண்ணாடி அவன் முகத்துக்கு நேரே இருக்கிறது. அதில் ஊதுகிறான். கண்ணாடி மங்கவில்லை. விரலால் துடைத்துப் பார்க்கிறான். மறுபடி ஊதுகிறான். மங்கவில்லை. அவனும் செய்யப்பட்டவன்தான்.

நான் டிவியை அணைத்தேன். அந்தத் திங்கட்கிழமை ரோட்டில் அவர் என்னை மிரட்டவில்லை. எதற்காக வெளியே தள்ளினார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குப் படம் புரியவில்லை என்று அவர் பார்த்திருக்கிறார். படிக்கிற பிள்ளை, முடிவு தெரியாமல் இருக்கக் கூடாது என்று, துணி மூட்டையை மண்ணில் வைத்துவிட்டு, முடிவைச் சொல்ல வந்திருக்கிறார்.

மறுவாரம் செஞ்சிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து, இஸ்திரிக்காரர் எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. மேல்மலையனூரில் தங்கச்சி வீட்டோடு இருக்கிறார், பஸ் நிற்கிற இடத்தில்தான் வண்டி என்றார். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. மிஷினில் துணியைத் தள்ளியபடியே, "இப்பவா போற?" என்றார்.

அன்றே மேல்மலையனூருக்குப் பஸ் ஏறினேன். கோயிலுக்குக் கூட்டம் வருகிற அமாவாசை இல்லாத நாள், ஊர் அமைதியாக இருந்தது. அதே வண்டி. தலை வெளுத்திருந்தது. ஆறேழு பேர் நின்றிருந்தார்கள், ஏதோ ஒரு சண்டைக் காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். கையில் ஒரு காட்டன் புடவை கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை விரித்துப் படிப்பதுபோல் காட்டினார். நான் தலையாட்டினேன். கட்டைவிரல் மேலே போனது. புடவையை எல்லாத் துணிக்கும் முன்னால் வைத்துக்கொண்டார்.

நான் என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் வார்த்தை. இரண்டு மொழியில் வார்த்தை இருந்தது, அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் கையால் ஆரம்பித்தேன். காற்றில் டிவிப் பெட்டியை வரைந்தேன். தலையில் தொப்பி வைத்தேன். ஊதினேன், புகை இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் தொப்பி வைத்துக்கொண்டார். துண்டு போட்ட கிழவியைக் காட்டினேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளங்கையை மல்லாத்தித் திருப்பினார்.

அப்புறம்?

என்னைச் சுட்டினேன். குனிந்து பெரியப்பாவின் காதில் பேசுகிறவளாக நின்று, விரலை நீட்டி அவரைச் சுட்டினேன். சட்டைக் காலரை நானே பிடித்து இழுத்துக் காட்டினேன். மறுபடி அவரைச் சுட்டி, கையை விரித்தேன். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. மறுபடி என்னைச் சுட்டி, என் வாயைத் தட்டினேன். நான்தான்.

அவர் சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். காலரில் நின்றது.

அவர் பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்து ஊதினார், மூடினார். புடவையை விரித்து, தண்ணீர் தெளித்து, ஓரம் பிடித்துத் தேய்த்தார். ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்தார். நாலாக மடித்து, எட்டாக மடித்து, என் பக்கம் தள்ளி வைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு பஸ் வந்து போனது. அவர் எதையும் காட்டவில்லை. என்ன என்று கேட்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வண்டியின்மேல் இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா கிடந்தன. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.